வீட்டு ஆமையும் மார்கழிக் குளிரும்

(நிர்வாண தீபாவளி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பகவான் மகாவீரர் நிர்வாணமடைந்த திருநாளில் ஆமையைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் வியக்கக்கூடும். இருபதாம் தீர்த்தங்கரர் முனிசுவிரத பகவானின் இலாஞ்சனம் ஆமை என்பதை இங்குள்ள குழந்தைகளும் அறிவர். பீடத்தில் பொறித்த அவ்வுருவை வணங்கிவிட்டு வீடு திரும்பும் குழந்தை, பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் உயிருள்ள ஆமையைக் காண்கிறது. தொட்டியில் இருக்கும் அந்த ஜீவன் இன்னும் சில வாரங்களில் வரவிருக்கும் மார்கழி, தை மாதங்களை எவ்வாறு கடக்கும் என்பதே இவ்வுரையின் பொருள்.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரக் கிராமங்களிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் எனத் தொழிற்சாலைகளை நாடி வந்த குடும்பங்கள் இன்று அடுக்ககங்களில் வாழ்கின்றன. ஊரில் கொட்டிலும் பசுவும் இருந்தன. இங்கு நாய் வளர்க்க வீட்டு உரிமையாளர் இசைவதில்லை. ஆமையோ குரைக்காது, மயிர் உதிர்க்காது, வாடகை ஒப்பந்தத்தில் அதற்குத் தடையும் இல்லை. ‘வீட்டில் ஆமை இருந்தால் அதிர்ஷ்டம்’ என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கிய மீன் தொட்டியோடு ஐந்து ரூபாய் நாணயத்தினும் சற்றே பெரிய பச்சை ஆமை ஒன்று வீடு வந்து சேர்கிறது.

அது எங்கிருந்து வருகிறது என்பதை வாங்குவோர் கேட்பதில்லை. கண்ணுக்குப் பின்னே சிவப்புப் பட்டை உடைய இந்த நன்னீர் ஆமையைச் செங்காது ஆமை என்பர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு இதன் தாயகம். சென்னை விமான நிலையத்தில், தாய்லாந்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பயணிகளின் பெட்டிகளுக்குள் அடைக்கப்பட்ட குஞ்சுகளைச் சுங்கத்துறையினர் ஆயிரக்கணக்கில் பறிமுதல் செய்து, வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிய செய்திகள் பலமுறை வெளியாகியுள்ளன. உள்ளங்கையில் அடங்கும் அக்குஞ்சு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு வளரும்; 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தந்த ஆமை அப்பிள்ளையின் திருமணத்தையும் காணும்.

நட்சத்திர ஆமை, ஏரிச் சேற்றில் வாழும் பாலாமை முதலிய நாட்டு ஆமைகளின் நிலை வேறு. அவை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. வயலில் கண்டெடுத்தது, மழையில் வாசலுக்கு வந்தது என்று எக்காரணம் சொன்னாலும் அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றமே. அவை இருப்பின் வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. இனி இங்குச் சொல்லப்படுவன யாவும் செங்காது ஆமையைப் பற்றியவை.

மார்கழி பிறந்ததும் பல வீடுகளில் ஒரே நிகழ்வு. இரண்டு வேளையும் பாய்ந்து வந்து உண்ட ஆமை உணவைப் புறக்கணிக்கிறது, மூலையில் ஒடுங்குகிறது, கூப்பிட்டால் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கிறது. ‘குளிர்கால உறக்கம், தானே எழும்’ என்று யாரோ சொல்ல, வீட்டார் நிம்மதியடைகின்றனர். இந்த நிம்மதிதான் ஆபத்து.

ஆமைக்குத் தன் உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. சுற்றியுள்ள நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். மிசிசிப்பிக் கரையில் கடுங்குளிர் வந்ததும் அது வயிற்றைக் காலிசெய்துகொண்டு குளத்தின் அடியில் படுத்துவிடும். நீரின் வெப்பம் பத்து டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கிய அந்நிலையில் இதயம் மிக மெல்லத் துடிக்கும். உடலின் தேவை ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே வாரக்கணக்கில் உண்ணாமல் கிடந்தாலும் சேமிப்புக் கரையாது.

ஒரகடத்தில் அந்தக் குளிர் ஒருபோதும் வருவதில்லை. சென்னை வட்டாரத்தில் சனவரி மாதத்தின் சராசரிக் குறைந்த வெப்பம் ஏறத்தாழ 21 டிகிரி. கடற்காற்றிலிருந்து விலகி, ஏரிகளும் வெட்டவெளிகளும் சூழ்ந்த இப்பகுதியில் விடியற்காலை அதனினும் சற்றுக் குளிரும். பிற்பகலிலோ 29, 30 டிகிரி வரை ஏறும். உறங்குவதற்கு இது அதிக வெப்பம். உண்டதைச் செரிப்பதற்கு இது குறைந்த வெப்பம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆமை உறங்கவும் இல்லை, உண்ணவும் இல்லை. உடல் மட்டும் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது; நோயை எதிர்க்கும் ஆற்றலும் குறைகிறது; மதியச் சூட்டில் உண்டது இரவுக் குளிரில் செரிக்காமல் வயிற்றில் தங்குகிறது. நன்கு வளர்ந்த, நலமான ஆமை சில குளிர் இரவுகளைத் தாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. முதல் மார்கழியைக் காணும் குஞ்சுக்கு அத்தாங்கும் திறன் இல்லை.

இம்மண்ணின் பாலாமைக்கு நீண்ட உறக்கம் உண்டு. ஆனால் அது கோடையில். ஏரி வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும் ஜீவன் அது. மார்கழியில் ஏரி நிறைந்திருக்கும். குளிருக்கு உறங்க வேண்டிய தேவை இந்நிலத்து ஆமைக்கே இல்லாதபோது, வந்தேறி ஆமையை இங்கே உறங்கச் சொல்வது பொருந்தாது.

எனவே செய்ய வேண்டியது ஒன்றே: நீரின் வெப்பத்தை ஒரே நிலையில் காத்தல். வளர்ந்த ஆமைக்கு 24 முதல் 27 டிகிரி. குஞ்சுக்கு 26 முதல் 28 டிகிரி. கார்த் தொழிற்சாலையின் வண்ணப்பூச்சுக் கூடத்தில் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி மாறினாலே கவலைப்படும் பொறியாளர்கள் இந்த அவையில் உண்டு. அவர்களுடைய வீட்டு ஆமைத் தொட்டியில் ஒரு வெப்பமானி இருக்கிறதா என்பதை இன்றிரவு அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

வெப்பமானிக்கு அடுத்தது ஹீட்டர். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலும் உள்ளூர்க் கடைகளிலும் இது கிடைக்கும். தானே நின்று தானே இயங்கும் தெர்மோஸ்டாட் உள்ளதாக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. ஆமை முட்டிக் கண்ணாடியை உடைத்துவிடும் என்பதால் அதன்மேல் துளையிட்ட பிளாஸ்டிக் உறை தேவை. நீரை மாற்றுமுன் மின்னிணைப்பைத் துண்டித்தல் கட்டாயம். மின்கசிவுத் தடுப்பான் இல்லாத பழைய வாடகை வீடுகளில் ஹீட்டரே வேண்டாம். தொட்டியைப் பால்கனியிலிருந்து எடுத்துச் சமையலறையை ஒட்டிய உள்ளறையில், தரையில் அன்றி ஒரு பலகையின்மேல் வைத்து, இரவில் பாதியளவு தெர்மோகோல் பலகையால் மூடினாலே பெரும் வேறுபாடு தெரியும். குளிர்சாதன அறையில் தொட்டி கூடவே கூடாது.

நீர் மாற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதைக் கிராமத்தில் குளித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆழ்துளைக் கிணற்று நீரும் அத்தகையதே. ஆனால் அது மொட்டைமாடித் தொட்டியில் இரவு முழுதும் நின்றால் சில்லிட்டுவிடும். அந்நீரைக் காலையில் நேரே ஊற்றுவது ஆமைக்குப் பேரதிர்ச்சி. முதல்நாளே ஒரு வாளியில் பிடித்து அதே அறையில் வைத்து, மறுநாள் மாற்றுவதே முறை. குளோரின் கலந்த குழாய் நீராயினும் இதனால் குளோரின் அகன்றுவிடும். சுடுநீர் கலந்து சமாளிப்போர் கையால் அன்றி வெப்பமானியால் அளந்து பார்க்க வேண்டும்.

நீரில் மட்டுமே ஆமை வாழ்வதில்லை. முழுவதும் ஏறி உடல் உலர்த்த ஒரு மேடை வேண்டும். அவ்விடம் 30 முதல் 32 டிகிரி வெப்பத்தோடு இருக்க வேண்டும். எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும், வெப்பம் தராது. பழைய குண்டு பல்பு ஒன்றே இதற்குப் பொருத்தம். அது நீரில் விழாதபடி உறுதியாகக் கட்டப்பட வேண்டும். பகலில் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் எரிந்தால் போதும், இரவில் இருள் வேண்டும். மூன்று ஷிப்டுகளில் பணிபுரியும் இவ்வட்டாரத்துக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. இரவுப் பணி முடித்து வருபவர் பகலெல்லாம் திரையிழுத்து உறங்கும் அறையில் தொட்டி இருந்தால், ஆமை நாட்கணக்கில் பகலையே காண்பதில்லை. இடத்தை மாற்றுவதைத் தவிர இதற்கு வேறு பரிகாரம் இல்லை.

சூரிய ஒளி வேறொரு தேவை. ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடல் சுண்ணாம்புச் சத்தை ஏற்கும், ஓடு இறுகும். சாளரக் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். எனவே கண்ணாடிக்குப் பின்னுள்ள வெயில் வெயிலாகாது. பனி விலகிய பின், எட்டரை மணிக்கு மேல், வாரத்தில் நான்கைந்து நாள் அரைமணி நேரம் திறந்த வெயிலில் வைக்கலாம். தொட்டியின் பாதி நிழலில் இருக்க வேண்டும். சனவரி வெயில்தானே என்று சிறு பாத்திரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனால், ஆழமற்ற நீர் விரைவில் கொதித்து உயிரையே வாங்கிவிடும். காகமும் பூனையும் வேறு காத்திருக்கும்.

ஆண்டின் குளிர்ந்த வாரமும் பொங்கல் விடுமுறையும் ஒன்றாக வருகின்றன. குடும்பமே ஊருக்குப் புறப்படும். ஆமை தனித்து நிற்கும். வளர்ந்த ஆமை நான்கைந்து நாள் உணவின்றி இருப்பதால் கேடில்லை. புறப்படும்போது ‘பாவம், பசிக்குமே’ என்று கைநிறைய உணவைக் கொட்டிச் செல்வதுதான் கேடு. அது அழுகி நீரைக் கெடுக்கும். முந்தைய நாள் அளவாக ஊட்டி, நீரை மாற்றி, பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, வெப்பமானியை மட்டும் நாளுக்கொருமுறை பார்க்கச் சொன்னால் போதும். குஞ்சாயின் உடன் எடுத்துச் செல்வதே நன்று. போகி விடியலில் பால்கனியில் தொட்டி இருத்தல் ஆகாது. டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் புகை பனியோடு தரையில் படிந்து நிற்கும். ஆமைக்கும் நுரையீரல் உண்டு.

உணவைப் பற்றிப் பேசும்போதுதான் சைனக் குடும்பத்துக்கு உண்மையான இடர் எழுகிறது. செங்காது ஆமை சிறுவயதில் பெரும்பாலும் புழு, பூச்சி, மீனை உண்பது. வளர வளர நீர்த்தாவரங்களை மிகுதியாக நாடுவது. கடையில் விற்கும் உருண்டை உணவிலும் மீன்தூள் இருக்கிறது. புலால் தொடாத வீட்டில் இதை எவ்வாறு கையாள்வது? சில வீடுகளில் சோறும் பிஸ்கட்டும் ரொட்டியும் மட்டும் இடுகின்றனர். அதனால் கண்ணிமை வீங்கி, ஓடு மென்மையாகி, ஆமை மெல்ல மெல்லத் தேய்கிறது. அகிம்சை அணுவிரதத்துக்கு வரும் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. உயிரைக் கட்டிவைத்தல் அவற்றுள் முதலாவது. உணவும் நீரும் மறுத்தல் இறுதியானது. பொருந்தா உணவை மட்டும் இட்டு ஓர் உயிரைத் தேயவிடுதல் அந்த இறுதி அதிசாரத்துக்கு எவ்வளவு தொலைவு என்பதைப் பெரியோர் எண்ணிப் பார்க்க வேண்டும். வளர்ந்த ஆமைக்கு வேலம்பாசி போன்ற நீர்த்தாவரங்கள், கீரை, துருவிய கேரட், பூசணி ஆகியவற்றைப் பெரும்பங்காகத் தரலாம். பசலையும் பாலக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடுவதால் அவற்றைக் குறைக்க வேண்டும். குஞ்சுக்கு இது போதாது. மீன்தூள் கலந்த உருண்டையை வாங்குவதா, குஞ்சை நலியவிடுவதா என்ற அந்த இக்கட்டுக்கு எளிய விடை கிடையாது. புதிதாக ஓர் ஆமையை வாங்காதிருப்பவருக்கு மட்டுமே அது நேராது. நீரின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது எந்த உணவையும் இடலாகாது என்பதும் நினைவில் இருக்கட்டும். முதலில் வெப்பம், பிறகே உணவு.

குளிர்காலத்தில்தான் இன்னொரு எண்ணமும் தலைதூக்குகிறது. ஆமை உண்ண மறுக்கிறது, தொட்டி சிறுத்துவிட்டது, மழைக்குப்பின் ஏரிகளெல்லாம் ததும்புகின்றன. ‘ஏன் இந்த ஜீவனைச் சிறைவைக்க வேண்டும்? ஒரு பர்வ நாளில் கோயில் குளத்திலோ ஸ்ரீபெரும்புதூர் ஏரியிலோ விட்டுவிட்டால் அபயதானப் பலன் கிட்டுமே’ என்று நல்மனத்தோர் நினைக்கின்றனர். நினைப்பில் குற்றமில்லை. விளைவைப் பார்க்க வேண்டும்.

அசாமின் குவாஹாத்தி நகரில் உக்கிரதாரா கோயில் குளத்திலும் தீபோர் பீல் ஏரியிலும் செங்காது ஆமைகள் காணப்பட்ட செய்தி 2020இல் வெளியானது. அக்கோயில் குளம் நாட்டு ஆமைகளுக்குப் புகலிடமாக விளங்கியது. கேரளத்தில் திருச்சூர் நீர்நிலைகளிலும் இவை தென்பட்டதால், பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைச் சேகரிக்கும் பணியில் இறங்கியது. உலகின் மிகக் கேடான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த ஆமையையும் சேர்த்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இறக்குமதியைத் தடைசெய்தது. இவ்வாமை விரைவில் வளர்ந்து, வெயில் காயும் பாறையையும் உணவையும் பிடித்துக்கொண்டு, நோயையும் பரப்பி, நாட்டு ஆமையை ஒதுக்கிவிடும். விடப்பட்ட ஆமை ஒன்று, வாழ்விழப்பவை பல. அதுவும் குளிரில் நலிந்த ஆமையாயின் ஏரியில் சேர்ந்த சில நாட்களில் தானும் மடியும். பிரமாதத்தால், அதாவது கருத்தின்மையால், பிற உயிர்க்கு வரும் கேட்டையும் இம்சையென்றே சைன ஆசாரியர்கள் வகுத்தனர். அத்தகைய விடுவிப்பு அபயதானம் ஆகாது. வளர்க்க இயலாதவர் வனத்துறை அலுவலகத்திலோ விலங்கு நல அமைப்பிலோ வழி கேட்கலாம். வளர்க்கும் அறிவும் இடமும் உடைய வேறொரு குடும்பத்திடம் ஒப்படைக்கலாம். குளத்தில் மட்டும் விடலாகாது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். ஆமையின் உடலிலும் நீரிலும் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். அமெரிக்க அரசு 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது குழந்தைகளுக்கு இதனால் வந்த நோயைக் கண்டுதான். தொட்டியைச் சமையலறைத் தொட்டிமேடையில் கழுவக் கூடாது. ஆமையைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் பூசைப் பொருளையும் உணவையும் தொடக் கூடாது.

இனி நோயின் அறிகுறிகள். மூக்கில் குமிழி, வாய் திறந்து மூச்சு, நீந்தும்போது ஒருபுறம் சாய்தல் ஆகியன நுரையீரல் அழற்சியைக் குறிப்பன. கண் திறவாமை, ஓட்டில் வெண்புள்ளியும் துர்நாற்றமும் வேறு நோய்கள். வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல், உலர்ந்த துணி விரித்த பெட்டியில், காற்று நுழையத் துளையிட்டு, வெதுவெதுப்பாக மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவர் அருகில் இல்லையெனில், சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். மனிதருக்கான மாத்திரையைப் பொடித்து நீரில் கலப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

கடைசியாக, தை மாதத்து விடியலில் தொட்டிக்குள் கால்கள் தொங்க, கழுத்து நீண்டு, தொட்டாலும் அசையாமல் ஆமை கிடப்பதைக் காணும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பதறிப்போய் உடனே குழிதோண்டிவிடக் கூடாது. குளிர்ந்த ஆமையின் இதயம் கையால் உணர முடியாத அளவுக்கு மெல்லத் துடித்துக்கொண்டிருக்கக்கூடும். அதை நீரிலிருந்து எடுத்து, தலை சற்றுத் தாழ்ந்திருக்கப் பிடித்து வாயிலும் மூக்கிலும் உள்ள நீர் வடியச் செய்து, ஈரத்துணியின்மேல் கிடத்தி, அறை வெப்பத்திலிருந்து மெல்ல 25 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். சுடுநீரில் அமிழ்த்தவோ அடுப்பருகே வைக்கவோ கூடாது. கண்ணிமையையும் வாலடியையும் மெல்லத் தொட்டு அசைவைப் பார்க்க வேண்டும். உடல் முழுதும் வெதுவெதுப்பான பிறகு சில மணிநேரம் கழிந்தும் அசைவில்லையெனில் மருத்துவரே முடிவைச் சொல்லட்டும்.